58, 33, 41, 14, பிறகு காய்ச்சல்: பனியில் ஒரு பிள்ளையின் முதல் மாதம்

உவர்மலையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தங்கையின் மகளுக்கு 17 வயது, நோர்வேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அங்கே லாங்ரென் என்று சொல்லும் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் போட்டி போடுகிறாள். போன மார்ச்சில் தன் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். ஓகஸ்ட்டில், உயர்தரப் படிப்பையும் பனிச்சறுக்கையும் சேர்த்து நடத்தும் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்தது. குடும்பத்துக்கே புளுகம். நவம்பரில் போட்டிகள் தொடங்கின. முதல் நாள் 10 கிலோமீற்றரில் 58ஆம் இடம், மறுநாள் ஸ்பிரின்ற் என்ற குறுந்தூர ஓட்டத்தில் 33, அடுத்த வாரம் 41. அதற்கடுத்த வாரம் திடீரென்று 14! கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்த பிரசாதம் காய்வதற்குள் தடிமன், காய்ச்சல். அடுத்த போட்டிக்கு அவள் போகவேயில்லை.

அக்கா கேட்பது இவைதான். பயிற்சியாளர் சரியில்லையா? வெயில் ஊர் இரத்தத்துக்கு அந்தக் குளிர் ஒத்துவராதா? தெம்புக்கு இங்கேயிருந்து லேகியம் ஏதும் அனுப்பலாமா? அல்லது இதை விட்டுவிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லிவிடலாமா?

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1988இல் திருகோணமலையை விட்டுப் போனேன். முதல் நாலு வருடம் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை. நம்மவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். பிறகு தெற்கே இறங்கினேன். மகன் எட்டு வயதில் ஊர்ப் பனிச்சறுக்குக் கழகத்தில் சேர்ந்தான். பிள்ளையைச் சேர்த்தால் தாய் தகப்பனும் ஏதாவது வேலைக்குத் தோள் கொடுக்க வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். டுக்னாட் என்பார்கள், நம் ஊரில் திருவிழாத் தொண்டு மாதிரி. எனக்கு விழுந்தது மெழுகுக் கூடாரம், சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு பூசும் இடம். பதினொரு குளிர்காலம் அதற்குள்ளேயே நின்றேன். இப்போது உப்புவெளியில் இருக்கிறேன், வேர்வையைத் தவிர வேறு ஒன்றும் உருகுவதில்லை.

அக்கா, நீங்கள் அனுப்பிய முடிவுத்தாள்கள் நாலையும் பார்த்தேன். அவற்றில் நான் பயப்படும்படி ஒன்றும் இல்லை. காய்ச்சல்தான் கவனிக்க வேண்டிய விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தாளை எடுங்கள். வலது பக்கத்தில் சிறிய எழுத்தில் சுற்று நேரங்கள் இருக்கின்றன, நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தடம் 3.3 கிலோமீற்றர், மூன்று சுற்று. முதல் சுற்று முடிந்தபோது உங்கள் பெறாமகள் 22ஆம் இடத்தில் இருந்திருக்கிறாள். இரண்டாவது முடிய 40. கடைசியில் 58. பலமில்லாத பிள்ளை முதல் சுற்றில் 22இல் நிற்காது. அவள் தொடக்கத்திலேயே கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டாள், அவ்வளவுதான். இந்த வகைப் போட்டியில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. முப்பது செக்கனுக்கு ஒருவராக விடுவார்கள். பக்கத்தில் யாரும் இல்லாததால் தான் வேகமாகப் போகிறோமா மெதுவாகப் போகிறோமா என்று அளக்க ஒன்றும் கிடையாது. அதோடு முதல் தடவையாக நாடு முழுவதிலிருந்தும் வந்த பிள்ளைகள். மாவட்டப் போட்டியில் ஓடிய வேகத்தில் கிளம்பியிருப்பாள், பயமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் பார்த்திருப்பீர்களே? முதல் சுற்றில் தலை தெறிக்க ஓடி, மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை ஒவ்வொரு வருடமும் ஒன்று இருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். 30ஆவதாக வந்தவளுக்கும் 58ஆவதாக வந்த இவளுக்கும் இடைவெளி 38 செக்கன். பத்துக் கிலோமீற்றரில் 38 செக்கன் என்றால் கிலோமீற்றருக்கு நாலு செக்கன்கூட இல்லை. அந்த நாலு செக்கனுக்குள் 28 பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் இடத்தை வைத்து அளந்தால் எப்போதும் ஏமாற்றம்தான்.

ஸ்பிரின்ற் இன்னும் மோசமான ஏமாற்றுக்காரன். முதலில் ஒவ்வொருவராக நேரத்துக்கு எதிராக ஓட வேண்டும். வேகமான முப்பது பேர் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அங்கே ஆறு ஆறு பேராக ஐந்து கால் இறுதி. இவள் 33. வீட்டுக்கு வந்து சேர்ந்தது 'தகுதி பெறவில்லை' என்ற செய்தி. தாளைப் பார்த்தால் 30ஆவது ஆளைவிட 0.6 செக்கன் பிந்தியிருக்கிறாள். அந்த வேகத்தில் 0.6 செக்கன் என்பது சுமார் நாலு மீற்றர், காலில் மாட்டும் பலகை இரண்டின் நீளம். முதல் நாள் அப்படிக் களைத்துப்போய், மறுநாள் காலையில் இந்த நேரம் எடுத்திருக்கிறாளே என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, 41க்கு வருவோம். அது கிளாசிக் முறை. இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டில் இரண்டு நடை உண்டு. ஒன்று ஸ்கேற்றிங், சறுக்குக் காலணி போட்டவர்கள் போல பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போவது. மற்றது கிளாசிக், பனியில் வெட்டிய இரண்டு சமாந்தரப் பள்ளங்களுக்குள் பலகைகளை வைத்து, நடப்பது போல ஒரு காலை உதைத்து மறுகாலில் வழுக்குவது. வழுக்க வேண்டிய அதே பலகைதான் உதைக்கும்போது பிடிக்கவும் வேண்டும். எப்படி? பலகை நேராக இருக்காது, வில் மாதிரி நடுவில் மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் நடுப்பகுதி பனியில் அழுத்தமாகப் படாது. ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினால் வில் நிமிர்ந்து நடுப்பகுதி பனியைத் தொடும். அந்த நடுவில் பூசிய மெழுகு ஒரு கணம் பனியைப் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில்தான் உதைக்க வேண்டும். நேரம் தப்பினால் கால் பின்னால் வழுக்கும். அதற்கு அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது, பக்லாட். உங்கள் பெறாமகள் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னது இந்தச் சொல்லாகத்தான் இருக்கும்.

மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரை இந்தப் பிள்ளைகள் தார் வீதியில் ரோலர் ஸ்கீயில் பயிற்சி செய்கிறார்கள். ஒன்றரை முழ நீளக் கட்டையில் முன்னும் பின்னும் சக்கரம். கிளாசிக் ரோலர் ஸ்கீயின் ஒரு சக்கரத்துக்குள் ஒரு பூட்டு இருக்கும், முன்னால் உருளும், பின்னால் உருளாது. அதனால் வீதியில் நீங்கள் எப்படி உதைத்தாலும் பிடிக்கும். நேரம் தப்பினாலும் பிடிக்கும், சோம்பலாக உதைத்தாலும் பிடிக்கும். ஆறு மாதம் அதில் ஓடிய பிள்ளைக்குத் தன் உதை கெட்டுப்போனதே தெரியாது. நவம்பரில் பனியில் ஏறியதும் அந்தக் குட்டு வெளியே வரும். மூன்று நாலு வாரம் பனியிலேயே உழன்றால் திரும்பி வந்துவிடும். அதற்குள் இரண்டு மூன்று போட்டிகள் முடிந்திருக்கும்.

பனியும் அங்கே அப்போது தாராளமாகக் கிடைப்பதில்லை. நவம்பரில் பள்ளத்தாக்குகளில் மழைதான். அதனால்தான் நோர்வேயின் பெரிய வீரர்கள்கூடப் பருவத்தைத் தொடங்க 900 மீற்றர் உயரத்தில் இருக்கும் பெய்த்தோஸ்தோலனுக்கு ஏறிப்போகிறார்கள். உலகக் கோப்பை நவம்பர் கடைசியில் வழக்கமாகப் பின்லாந்தின் வடக்கே ரூக்காவில் தொடங்குகிறது. மற்ற இடங்களில் இயந்திரத்தால் பனி செய்து, ஒரு சிறிய வளையம் போடுவார்கள். சில ஊர்களில் போன வருடப் பனியை மலைபோலக் குவித்து, மேலே மரத்தூளைப் போர்த்தி, கோடை முழுவதும் காத்து வைத்து, ஒக்ரோபரில் எடுத்துப் பரப்புகிறார்கள். சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. ஆனால் மீன் வாடியில் ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள் புதைத்து வைப்பது நாம் அறியாததா? அதே வித்தைதான், அளவுதான் பெரிது.

இப்படிச் செய்த பனி வானத்திலிருந்து விழும் பனி மாதிரி இல்லை. உருண்டையான, நெருக்கமான, கடினமான மணிகள். உப்புக்காகிதம் போல மெழுகைத் தேய்த்துவிடும். முதல் சுற்றில் நன்றாகப் பிடித்த பலகை மூன்றாவது சுற்றில் வழுக்கும். அவளுடைய கிளாசிக் தாளில் கடைசிச் சுற்றுத்தான் படுமோசம். அதனால் தேய்ந்த மெழுகில் பாதியும் கெட்ட உதையில் பாதியுமாகப் பழியைப் பிரித்துக்கொடுப்பேன். கூடாரத்தில் நின்ற யாரோ ஒரு அப்பாவும் இந்நேரம் வீட்டில் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருப்பார்.

எனக்கு அந்தச் சொறி தெரியும். மகனுக்கு 15 வயது, நவம்பர் கடைசி, கிளாசிக். விடிய ஆறு மணிக்குக் கூடாரத்தில் மின்னழுத்தி சூடாகிக்கொண்டிருக்கிறது, உருகிய மெழுகின் வாசம். வெளியே -4 பாகை. மெழுகுக் கட்டிகள் நிறத்தால் பிரியும்: கடும் குளிருக்குப் பச்சை, அதைவிடக் குறைந்த குளிருக்கு நீலம், பூச்சியத்தை ஒட்டி ஊதா, ஈரத்துக்குச் சிவப்பு. குளிருக்கு உரியது கடினம், வெப்பத்துக்கு உரியது மென்மை. எட்டு மணிக்கு மேகம் மூடி வெப்பமானி ஏறத் தொடங்கியது. ஒன்பதரைக்கு -0.5. நான் நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மென்மையான ஊதாவைத் தடிப்பாகப் பூசினேன். பூசி முடிக்கும்போது பனி கொட்டத் தொடங்கியது, பெரிய பெரிய பூக்களாக. எனக்குச் சந்தோஷம், அழகாக இருந்தது.

புதிதாக விழுந்த பனியின் துகள்களுக்குக் கூர்மையான முனைகள் உண்டு. மென்மையான மெழுகுக்குள் அவை குத்தி இறங்கினால் திரும்பி வராது, அங்கேயே ஒட்டி உறையும். மேலும் மேலும் பனி சேரும். மகன் புறப்பட்டு இருநூறு மீற்றர் போயிருக்க மாட்டான். நின்றான். ஒரு காலைத் தூக்கி மறுகாலால் தட்டினான். பலகைக்கு அடியில் இட்லி அளவுக்குப் பனிக்கட்டி. தட்டிவிட்டுப் பத்து அடி நடந்தான், திரும்பவும் இட்லி. அவனுக்குப் பின்னால் முப்பது செக்கன் இடைவெளியில் கிளம்பியவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். முடிவில் கடைசிக்கு முதல் ஆளாக வந்தான். வாகனத்தில் நாற்பது கிலோமீற்றர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு முன்னால் இறங்கும்போது, "அப்பா, இனி பனியைக் கையால தொட்டுப் பாருங்கோ" என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உலகத்திலேயே அதிகம் பணமும் ஆட்களும் வைத்திருக்கும் அணிக்கும் இது நடக்கும். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் நோர்வேப் பெண்கள் அணி அஞ்சலோட்டத்தில் தங்கம் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். நோர்வேயின் புகழ்பெற்ற வீராங்கனை மரித் பியோர்கன் அந்த அணியில் இருந்தார். ஐந்தாவதாக வந்தார்கள். காரணம் பலகை ஓடவில்லை. நாட்டில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை, மீன் தொழிற்சாலையில் இருந்த என் பழைய கூட்டாளிகள்கூடத் தொலைபேசி எடுத்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள், ஏதோ நான் பூசிவிட்டது மாதிரி. 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் புளோரின் கலந்த மெழுகைத் தடைசெய்துவிட்டது. உடலுக்கும் சூழலுக்கும் கேடு என்பதால் அது நல்ல முடிவு. ஆனால் ஈரப்பனியில் வழுக்குவதற்கு அதுதான் பெரிய உதவியாக இருந்தது. அது இல்லாமல் இப்போது பூச்சியப் பாகை நாட்கள் இன்னும் சூதாட்டம் மாதிரி.

கன்னியாவில் ஏழு கிணறு, கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. 3.3 கிலோமீற்றர்த் தடமும் அப்படித்தான். மர நிழலில் ஒரு பனி, வெளியில் ஒரு பனி, ஏற்றத்தின் உச்சியில் வேறொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சுத்தான்.

இப்போது 14. இதை நீங்கள் பெரிதாகக் கொண்டாடியிருக்கிறீர்கள், நானும் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் தாளில் ஓடியவர்கள் எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் போட்டியில் 131 பேர், இதில் 62. நாட்டின் முன்னணிப் பிள்ளைகள் பலர் அந்த வாரம் வேறு இடத்தில். அப்படியானால் முன்னேற்றமே இல்லையா? இருக்கிறது, அதைத் தேடும் வழி வேறு. இரண்டு 10 கிலோமீற்றர் ஸ்கேற்றிங் போட்டியிலும் ஓடிய ஒரு பிள்ளையைப் பிடியுங்கள். முதல் தடவை 30ஆவதாக வந்த அதே பிள்ளை இங்கே 11ஆவது. அன்றைக்கு அவளுக்கும் இவளுக்கும் 38 செக்கன் இடைவெளி. இந்தத் தடவை 9 செக்கன். அதுதான் உண்மையான செய்தி. சுற்றுக்களையும் பாருங்கள்: 25, 19, 14. முதல் சுற்றில் மூச்சைப் பிடித்து வைத்திருந்து, பிறகு ஒவ்வொருவராகப் பிடித்திருக்கிறாள். இரண்டு வாரத்தில் உடம்பு அப்படி மாறாது. ஓடும் விதம் மாறியிருக்கிறது. யாரோ அவளோடு உட்கார்ந்து இந்தச் சுற்று நேரங்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். பயிற்சியாளர் சரியில்லையா என்று கேட்டீர்களே, என் கணக்கில் அவர் தன் வேலையைச் செய்கிறார்.

அவர் நவம்பருக்காக அவளைத் தயார்செய்யவும் இல்லை. முக்கியமான போட்டிகள் பெப்ரவரியிலும் மார்ச்சிலும்தான் வருகின்றன. 2025இல் துரொண்ட்ஹைமில் நோர்வே வீரர் யொஹானஸ் கிளேபோ ஆண்களுக்கான ஆறு போட்டியிலும் ஆறு தங்கம் எடுத்தாரே, அந்த உலகப் போட்டியும் பெப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. கோடையில் இந்தப் பிள்ளைகள் செய்யும் பயிற்சியின் பெரும்பகுதி மெதுவானது, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். மணிக்கணக்கைச் சேர்ப்பதுதான் நோக்கம். கூர்மை தீட்டுவது பிறகு. புதுப் பாடசாலையில் சேர்ந்த முதல் வருடம் பயிற்சி மணிநேரமும் ஒரேயடியாகக் கூடியிருக்கும், வீட்டை விட்டுத் தனியே இருப்பது வேறு. உடம்பு அந்தப் பாரத்தைத் தின்று செரிக்கும் மாதங்கள் இவை. நம் கரைவலைக்காரர் முதல் இழுவையில் வந்ததை வைத்து அந்த வருடத்துக்குக் கணக்கு முடிப்பதில்லையே.

இனிக் காய்ச்சல். இதில் நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன். கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கொழுகல், இலேசான தொண்டைக் கரகரப்பு என்றால், மெதுவாக அசைந்து கொடுக்கலாம். காய்ச்சல், நெஞ்சிருமல், உடம்பு வலி இருந்தால் பயிற்சியே கூடாது. காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் வைரஸ் இதயத் தசையைத் தாக்கும் ஆபத்து உண்டு. அது அபூர்வம்தான், ஆனால் வந்தால் விளையாட்டோடு போகாது. காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் சும்மா இருந்து, பிறகு இலேசாகத் தொடங்க வேண்டும். 'ஒரு போட்டி போச்சே' என்று தாயார் சொன்னால் நீங்கள் அக்காவாக அதட்டி வையுங்கள். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லுங்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை, அந்த வாசத்துக்கே பாதி வருத்தம் போய்விடும்.

'வெயில் ஊர் இரத்தம்' என்று நீங்கள் எழுதியதை என் மனைவியும் பதினைந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் பெறாமகள் அங்கே பிறந்து, தள்ளுவண்டிப் பருவத்திலிருந்து குளிரில் தூங்கிய பிள்ளை. ஓடும்போது தசைகளிலிருந்து வரும் சூட்டுக்கு -10 பாகையில் மெல்லிய சட்டை போதும். கஷ்டம் நுரையீரலுக்குத்தான். குளிர்ந்த காற்று வறண்ட காற்று, அதை நிமிடத்துக்கு நூறு லீற்றருக்கு மேல் உள்ளே இழுத்தால் மூச்சுக்குழாய் காய்ந்து சுருங்கும். இதற்கு நிறமும் ஊரும் கிடையாது. உயர்மட்டப் பனிச்சறுக்கு வீரர்களிடையே ஆஸ்துமா சாதாரண மக்களைவிட அதிகம், பியோர்கனுக்கே ஆஸ்துமா. சர்வதேச விதிப்படி தடத்தின் குளிர்ந்த இடத்தில் -20 பாகைக்குக் கீழே போனால் போட்டியைத் தள்ளிவைப்பார்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பயிற்சியின் பிறகு இருமல் நிற்காமல் இருந்தால், அல்லது மூச்சில் விசில் சத்தம் கேட்டால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றபடி வாயை மூடிக் கட்டும் ஒரு துணிக்குழாய் போதும்.

ஆனால் நம் தோலுக்கு ஒரு விஷயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபின்மார்க்கில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரியில்தான் திரும்பி வரும். தெற்கேயும் குளிர்காலச் சூரியனுக்குத் தோலில் விற்றமின் டி உண்டாக்கும் வலு இல்லை. கறுத்த தோலுக்கு அது இன்னும் மெதுவாகவே உண்டாகும். நம்மவர்களுக்கு அங்கே இந்தக் குறைபாடு மிகவும் சகஜம். நோர்வேக்காரர், தங்கள் மொழியில் மாதத்தின் பெயரில் 'ர்' வரும் காலமெல்லாம், அதாவது செப்ரெம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிப்பது பழைய வழக்கம். அதோடு இரும்புச் சத்து. ஓடுகிற பெண்பிள்ளைகளுக்கு அது எளிதில் இறங்கிவிடும். காய்ச்சல் போய் மூன்று வாரம் கழித்தும் படியேறினால் கால் கனக்கிறது என்று சொன்னால், இரத்தத்தில் இரும்பின் சேமிப்பையும் விற்றமின் டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரில் பார்த்தால் 'நல்லா மெலிஞ்சு போனாய், ஓடுறதுக்கு நல்லது' என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். பயிற்சி கூடும்போது சாப்பாடும் கூட வேண்டும். கூடாவிட்டால் எலும்பு, இரத்தம், எதிர்ப்புச் சக்தி எல்லாம் ஒன்றாக இறங்கும், அடிக்கடி தடிமன் வரும். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் வராமல் நின்றால் அது நல்ல பயிற்சியின் அடையாளம் இல்லை, எச்சரிக்கை. நம் வீடுகளில் இதைப் பேசுவது கஷ்டம், தெரியும். தாயாரைவிடப் பெரியம்மாவிடம் பிள்ளைகள் சில நேரம் எளிதாகச் சொல்வார்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

லேகியம் அனுப்ப வேண்டாம். தயவுசெய்து. அது நல்லதா கெட்டதா என்பது எனக்குப் பிரச்சினையில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. ஊக்கமருந்து விதியில் 'எனக்குத் தெரியாது, பெரியம்மா தந்தார்' என்பது பதில் ஆகாது, உடம்பில் இருந்தால் பொறுப்பு ஓடுபவருடையது. நோர்வேயின் முன்னணி வீராங்கனை தெரேஸ யொஹாவ் 2016இல் உதட்டில் வெயில் புண்ணுக்கு ஒரு களிம்பு பூசினார், அணி மருத்துவர் கொடுத்ததுதான். அதில் குளொஸ்ரெபோல் என்ற தடைசெய்த பொருள். முதலில் 13 மாதத் தடை, மேன்முறையீட்டில் 18 மாதம் ஆனது. 2018 ஒலிம்பிக் கைவிட்டுப் போயிற்று. பிறகு திரும்பி வந்து 2022 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் எடுத்தார் என்பது வேறு கதை. அனுப்பத்தான் வேண்டும் என்றால் முருங்கையிலைப் பொடி, கருவாடு, வீட்டில் வறுத்த மிளகாய்த்தூள் அனுப்புங்கள். பாடசாலை விடுதியில் வாரம் மூன்று நாள் உருளைக்கிழங்கு, பிள்ளை உங்களைக் கும்பிடும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவள் இருக்கும் பாடசாலையில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன, ஓட்டத்தை விட்டால் படிப்பு கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் மகன் 19இல் போட்டியை விட்டான், அவனாகவே. அதற்கு முன் ஒரு தடவை நான் விடச் சொன்னேன். நாலு நாள் சாப்பிடவில்லை.

பயிற்சியாளர் ஜனவரி முதல் சனிக்கிழமை திரும்ப ஓடலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதுவே போதும், அவசரப்பட வேண்டாம். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. முதல் சுற்று நேரம் இரண்டே முக்கால் ஆகும்போது திரையில் வரும். முடிந்ததும் உடனே தொலைபேசி எடுக்காதீர்கள். அவர்கள் மெதுவாக ஒரு சுற்று ஓடி, ஈரச் சட்டை மாற்றி, எதையாவது சாப்பிட ஒரு மணி நேரமாவது ஆகும். ஐந்து மணிக்கு எடுத்து, பலகை எப்படி ஓடியது என்று கேளுங்கள், அதற்கு அவள் அரை மணி நேரம் பதில் சொல்வாள். வாடையில் உவர்மலைப் பக்கம் கரண்ட் போனால் உப்புவெளிக்கு வந்துவிடுங்கள். என்னிடம் பற்றரி இருக்கிறது, சேர்ந்து பார்க்கலாம்.